வாக்கியமே எழுவாயாக வரும்போது: ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். நோட்டு திருத்தும்போது என் சிவப்புப் பேனா அடிக்கடி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு முழு வாக்கியம் இன்னொரு வாக்கியத்துக்கு எழுவாயாக வந்து உட்காரும் இடம் அது. பள்ளியில் நவுன் கிளாஸ் என்று படித்திருப்பீர்கள்.

"அவர் சொன்னது உண்மை." இதில் எழுவாய் 'அவர்' இல்லை. உண்மையாக இருப்பது அவர் சொன்ன விஷயம். ஆகவே 'அவர் சொன்னது' மொத்தமும் எழுவாய். ஆங்கிலத்தில் "வாட் ஹி செட் இஸ் ட்ரூ." 'வாட் ஹி செட்' மொத்தமும் எழுவாய், 'இஸ்' அதற்கான வினை.

இந்த அமைப்பு நமக்குப் புதிதே இல்லை. "நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று" என்கிறோம். "கற்றது கைமண் அளவு" என்கிறோம். இரண்டிலும் எழுவாய் ஒரு குட்டி வாக்கியம்தான். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் இடறுவதற்குக் காரணம், முடிச்சு, அதாவது குட்டி வாக்கியத்தைப் பெரிய வாக்கியத்தோடு கட்டும் சொல், விழும் இடம் மாறுவது. தமிழ் கடைசியில் முடிச்சுப் போடுகிறது: சொன்ன'து', தோற்றான் 'என்பது', வருவா'ளா என்பது'. ஆங்கிலம் முதலிலேயே முடிச்சைப் போட்டுவிடுகிறது: 'தட்', 'வாட்', 'வெதர்', 'வேர்', 'வை', 'ஹவ்', 'ஹூ'. அதற்குப் பிறகு குட்டி வாக்கியம் எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு சொல்லும் கிடையாது. நேராக வினை வந்து நிற்கும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த வகைத் தவறு கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் எல்லாக் கோளாறுக்கும் பொதுவான ஒரு சோதனை. உங்கள் வாக்கியத்தில் எழுவாய் என்று நினைக்கும் பகுதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்தை அப்படியே தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'இட்' என்று ஒரே சொல்லை வையுங்கள். "வாட் ஹி செட் இஸ் ட்ரூ" என்பது "இட் இஸ் ட்ரூ" ஆகிறது, நிற்கிறது, சரி. நிற்கவில்லை என்றால் கோளாறு கட்டத்துக்கு வெளியே. நின்றும் வாக்கியம் தப்பாக ஒலித்தால் கோளாறு கட்டத்துக்கு உள்ளே. இந்த ஒன்றைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: வினை இரண்டு நிற்கிறது, எது எதனுடையது என்று புரியவில்லை

எழுதியது: "ஹி ஃபெயில்ட் த எக்ஸாம் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி."

சொல்ல வந்தது: அவன் தேர்வில் தோற்றது எல்லோரையும் வியக்க வைத்தது. படிக்கிறவருக்கு 'ஹி ஃபெயில்ட் த எக்ஸாம்' என்றதும் வாக்கியம் முடிந்துபோய்விடுகிறது. அதன் பிறகு வரும் 'சர்ப்ரைஸ்ட்' யாருடையது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்குகிறது. விட்டுப்போனது முடிச்சு. "தட் ஹி ஃபெயில்ட் த எக்ஸாம் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி" என்றால் சரியாகிவிடும்.

'தட்' விட்டுப்போவதற்கு நியாயமான காரணம் உண்டு. "ஐ நோ ஹி ஃபெயில்ட்" என்று வாக்கியத்தின் பின்பாதியில் வரும்போது ஆங்கிலேயர்களே 'தட்'டை விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்கேயும் விடலாம் என்று தோன்றிவிடுகிறது. முன்னால் வரும்போது விடவே கூடாது. தமிழிலும் "அவன் தோற்றான் எல்லோரையும் வியக்க வைத்தது" என்று யாரும் சொல்வதில்லை, நடுவில் 'என்பது' வேண்டும். அந்த 'என்பது'தான் இந்தத் 'தட்'.

இதற்கு உறவான இன்னொரு தவறு, 'பிகாஸ்' போட்டுத் தொடங்குவது. "பிகாஸ் ஹி இஸ் புவர் டஸ் நாட் மீன் தட் ஹி இஸ் அ தீஃப்." பேச்சில் முன்னால் 'ஜஸ்ட்' சேர்த்து இப்படிச் சொல்கிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலும் உண்டு. எழுத்திலும் தேர்விலும் "தட் ஹி இஸ் புவர் டஸ் நாட் மீன் தட் ஹி இஸ் அ தீஃப்" என்றே எழுதுங்கள்.

அறிகுறி: 'வேர்', 'வை', 'ஹவ்' போட்டுத் தொடங்கினால் வாக்கியம் கேள்வி மாதிரி ஒலிக்கிறது

நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டு வங்கித் தேர்வுக்குப் படித்த ஒரு பெண்ணின் நோட்டில் இப்படி ஒரு வரி: "வேர் டஸ் மை பிரதர் வொர்க் இஸ் நாட் யுவர் பிசினஸ்." பக்கத்து வீட்டாரோடு நடந்த உண்மைச் சண்டையிலிருந்து எடுத்ததாம். வாக்கியத்தில் நல்ல சூடு இருந்தது, இலக்கணம்தான் உதைத்தது. அதற்குக் கீழே தமிழில் எழுதச் சொன்னேன். "என் தம்பி எங்கே வேலை பார்க்கிறான் என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம்" என்று எழுதினார். 'என்பது' தொடங்கி மீதியை விரலால் மறைக்கச் சொன்னேன். மிஞ்சியது: "என் தம்பி எங்கே வேலை பார்க்கிறான்."

"மிஸ், இது அப்படியே கேள்விதானே?" என்றார்.

அதுதான் காரணம். தமிழில் கேள்வியும், கேள்வியிலிருந்து பிறந்த எழுவாயும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. பின்னால் 'என்பது' ஒட்டினால் வேலை முடிந்தது. அதே பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியை முழுசாகத் தூக்கி வந்து வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ கேள்விக்குச் சொல் வரிசை வேறு, எழுவாய்க்குச் சொல் வரிசை வேறு. எழுவாயாக வரும்போது சாதாரண வாக்கியத்தின் வரிசை திரும்பிவிட வேண்டும்: முதலில் ஆள், பிறகு வினை.

சரிசெய்யும் விதம், கேள்வியில் என்ன துணைவினை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

'டு', 'டஸ்', 'டிட்' இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆனால் அது சுமந்துகொண்டிருந்த காலத்தையும் எண்ணையும் வினையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வேர் டஸ் மை பிரதர் வொர்க்' என்பதில் 'டஸ்' போனதும் அதிலிருந்த 'ஸ்' வினைக்கு வரும்: "வேர் மை பிரதர் வொர்க்ஸ் இஸ் நாட் யுவர் பிசினஸ்." 'வை டிட் ஷி லீவ்' என்பது 'வை ஷி லெஃப்ட்' ஆகும்: "வை ஷி லெஃப்ட் இஸ் ஸ்டில் அ மிஸ்டரி." 'டஸ்'ஸை எடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்தபடியாகத் தடுக்கி விழுவது இங்கேதான்: 'வேர் மை பிரதர் வொர்க் இஸ்' என்று 'ஸ்' இல்லாமல் எழுதிவிடுவார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தோமா என்று ஒருமுறை பாருங்கள்.

'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வில்', 'கேன்', 'ஹாஸ்' போன்றவை இருந்தால் எதையும் எடுக்க வேண்டாம். இடம் மட்டும் மாற்றினால் போதும். 'வென் வில் த பஸ் கம்' என்பது 'வென் த பஸ் வில் கம்' ஆகும். 'வாட் இஸ் ஹிஸ் நேம்' என்பது 'வாட் ஹிஸ் நேம் இஸ்' ஆகும். "வாட் ஹிஸ் நேம் இஸ் டஸ் நாட் மேட்டர்." அவர் பெயர் என்ன என்பது முக்கியமில்லை.

'ஹூ', 'வாட்' போன்ற சொல்லே செயலைச் செய்யும் ஆளாகவோ பொருளாகவோ இருந்தால் கைவைக்கவே வேண்டாம். 'ஹூ புரோக் த கிளாஸ்' கேள்வியிலும் அப்படித்தான், எழுவாயிலும் அப்படித்தான்: "ஹூ புரோக் த கிளாஸ் இஸ் நாட் நோன்." கண்ணாடியை உடைத்தது யார் என்பது தெரியவில்லை. விதியை நன்றாகப் படித்த மாணவர்கள் இதையும் புரட்டிப்போட்டுப் பார்க்கிறார்கள். புரட்ட இங்கே எதுவும் இல்லை, ஏனென்றால் கேள்வியிலும் வரிசை மாறியிருக்கவில்லை.

"ஹவ் மச் இட் காஸ்ட்ஸ் டிபெண்ட்ஸ் ஆன் த சைஸ்." எவ்வளவு விலை என்பது அளவைப் பொறுத்தது. இதில் 'காஸ்ட்ஸ்', 'டிபெண்ட்ஸ்' என்று இரண்டு வினை தோளோடு தோள் உரசி நிற்பதைப் பார்த்து நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம். முதல் வினை கட்டத்துக்குள் இருக்கிறது, இரண்டாவது வெளியே இருக்கிறது. ஆங்கிலம் நடுவில் வேலி போடுவதில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் பேச்சு ஆங்கிலத்தில் "வாட் இஸ் ஹிஸ் நேம் ஐ டோன்ட் நோ" என்பது தினமும் காதில் விழும், யாருக்கும் புரியாமல் போவதில்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிக்கு இது மிகவும் பிடித்த இடம், வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதும்போதும் கண்ணில் உறுத்தும். அதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

அறிகுறி: 'இஃப்' போட்டுத் தொடங்கினால் வாக்கியம் முடியவே இல்லை

எழுதியது: "இஃப் ஷி வில் கம் இஸ் நாட் நோன்."

வருவாளா என்பது தெரியவில்லை என்று சொல்ல வந்தார். 'இஃப்' தலையில் வந்ததும் படிக்கிறவர் அதை 'வந்தால்' என்று எடுத்துக்கொண்டு, வந்தால் என்ன நடக்கும் என்று காத்திருக்கிறார். 'வந்தால்' வேறு, 'வருவாளா என்பது' வேறு. தமிழில் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது. ஆங்கிலத்தில் 'இஃப்' இரண்டு வேலையையும் செய்கிறது. அதனால் வாக்கியத்தின் தலையில் 'ஆ என்பது' என்ற பொருள் வேண்டுமானால் 'வெதர்' மட்டுமே: "வெதர் ஷி வில் கம் இஸ் நாட் நோன்." பின்னால் தள்ளினால் 'இஃப்' நடமாடலாம்: "இட் இஸ் நாட் நோன் இஃப் ஷி வில் கம்."

அறிகுறி: 'தட்' போடுவதா, 'வாட்' போடுவதா என்று தெரியவில்லை

இதை அவசரமில்லாமல் படியுங்கள். இங்கே குழப்புவது ஆங்கிலம் மட்டுமில்லை, நம் மொழியின் ஒரு நுட்பமும் சேர்ந்துகொள்கிறது.

"அத்தை எழுதியது எங்களைத் திகைக்க வைத்தது." இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. அத்தை கடிதத்தில் எழுதிய சேதி திகைக்க வைத்தது என்பது ஒன்று. வாழ்நாளில் பேனாவே எடுக்காத அத்தை உட்கார்ந்து கடிதம் எழுதினாளே, அந்தச் செயலே திகைக்க வைத்தது என்பது இன்னொன்று. 'எழுதியது' என்ற ஒரே சொல் எழுதப்பட்ட பொருளையும் குறிக்கிறது, எழுதிய செயலையும் குறிக்கிறது. முதலாவது வினையாலணையும் பெயர், இரண்டாவது தொழிற்பெயர். தமிழில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனி முடிச்சு கேட்கிறது.

பொருள் என்றால் 'வாட்': "வாட் ஷி ரோட் சர்ப்ரைஸ்ட் அஸ்."

செயல் என்றால் 'தட்': "தட் ஷி ரோட் அ லெட்டர் சர்ப்ரைஸ்ட் அஸ்."

எது என்று சந்தேகம் வந்தால் தமிழிலேயே சோதித்துவிடலாம். 'எழுதியது' என்பதை 'எழுதினாள் என்பது' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் 'தட்'. கெட்டுப்போனால் 'வாட்'. "கற்றது கைமண் அளவு" என்பதை "கற்றோம் என்பது கைமண் அளவு" என்று மாற்றினால் அர்த்தமே இல்லை, ஆகவே "வாட் வி ஹாவ் லேர்ன்ட் இஸ் அ ஹேண்ட்ஃபுல் ஆஃப் எர்த்." "நீ வந்தது நல்லதாகப் போயிற்று" என்பதில் 'நீ வந்தாய் என்பது' என்று மாற்றினாலும் செயல் அப்படியே நிற்கிறது, ஆகவே 'தட்'.

ஆங்கிலப் பக்கத்திலிருந்தும் ஒரு சோதனை உண்டு. முடிச்சை எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். 'ஷி ரோட் அ லெட்டர்' என்று ஒரு குறையுமில்லாத வாக்கியம் கிடைத்தால் 'தட்'. 'ஹி செட்' என்று நின்று, என்ன சொன்னான் என்ற ஓட்டை தெரிந்தால் 'வாட்'. அந்த ஓட்டையை நிரப்புவதே 'வாட்'டின் வேலை. 'தட்' எதையும் நிரப்பாது, வெறும் முடிச்சாக நிற்கும். இதனால்தான் "வாட் ஹி கேம் லேட் அன்னாய்ட் மி" தப்பு: 'ஹி கேம் லேட்' முழு வாக்கியம், அதில் ஓட்டை இல்லை. அதேபோல "தட் ஹி செட் இஸ் ட்ரூ" என்றால் ஓட்டை அடைபடாமல் நிற்கிறது.

'வாட்' என்றாலே 'என்ன' என்ற கேள்விதான் என்று மனதில் பதிந்துபோயிருப்பதால், 'சொன்னது' என்ற பொருளில் அதைப் போடத் தயக்கம் வருகிறது. ஆங்கிலப் பழமொழிகள் இரண்டைச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள், தயக்கம் போய்விடும். "வாட் கோஸ் அப் மஸ்ட் கம் டவுன்": மேலே போவது கீழே வந்தே தீரும். "வாட் கான்ட் பி க்யூர்ட் மஸ்ட் பி என்ட்யூர்ட்": தீர்க்க முடியாததைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டிலும் கேள்வி வாசனையே கிடையாது. ஒரு சின்ன எச்சரிக்கை: 'எல்லாம்' சேர்ந்தால் 'வாட்' போகாது. 'சொன்னதெல்லாம்' என்பது 'ஆல் தட் ஹி செட்', 'ஆல் வாட்' கிடையாது.

அறிகுறி: நடுவில் ஒரு 'இட்' அல்லது காற்புள்ளி வந்து உட்கார்ந்துவிடுகிறது

"வாட் ஹி டோல்ட் மி, இட் இஸ் ட்ரூ." இது நம் பேச்சின் தாளம். "அவர் சொன்னாரே, அது உண்மைதான்" என்று மூச்சு விட்டுப் பேசுகிறோம், அந்த 'அது' இங்கே 'இட்' ஆகிவிட்டது. கட்டம் ஏற்கெனவே எழுவாய். இன்னொரு எழுவாய்க்கு அங்கே இடமில்லை. எடுத்துவிடுங்கள்.

காற்புள்ளியும் அப்படியே. எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கும் வினைக்கும் நடுவில் இன்றைய ஆங்கிலம் காற்புள்ளி போடுவதில்லை. 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் நீளமான எழுவாய்க்குப் பிறகு காற்புள்ளி போடுவது சகஜம். பழைய நூல்களை ஆசையாகப் படிக்கும் மாணவர் ஒருவர் அதைக் காட்டி என்னோடு வாதாடினார், அவர் பார்த்தது உண்மைதான். அந்த வழக்கம் மறைந்துவிட்டது.

அறிகுறி: 'இஸ்'ஸா, 'ஆர்'ரா?

"ஹவ் த பாய்ஸ் கிராஸ்ட் த ரிவர்ஸ் ஆர் அ மிஸ்டரி" என்று எழுதுகிறவர் 'பாய்ஸ்', 'ரிவர்ஸ்' என்ற பன்மைகளைக் கேட்டு ஏமாந்துவிடுகிறார். அவை கட்டத்துக்குள் இருப்பவை. கட்டம் ஒன்றுதான், ஆகவே ஒருமை: 'இஸ் அ மிஸ்டரி'. தமிழில் "பையன்கள் ஆறுகளை எப்படிக் கடந்தார்கள் என்பது புதிராக இருக்கிறது" என்று நம்மையறியாமல் ஒன்றன்பாலில் முடிக்கிறோம். 'என்பது' என்ற சொல்லிலேயே ஒருமை இருக்கிறது.

இரண்டு கட்டம் இருந்து நடுவில் 'அண்ட்' வந்தால் பன்மை: "வாட் ஹி செஸ் அண்ட் வாட் ஹி டஸ் ஆர் டிஃபரன்ட்." சொல்வதும் செய்வதும் வேறுவேறு. முடிச்சு இரண்டாக இருந்தும் உள்ளே வாக்கியம் ஒன்றாக இருந்தால் ஒருமை: "வென் அண்ட் வேர் ஹி வாஸ் பார்ன் இஸ் நாட் நோன்." "வாட் வி நீட் ஆர் டீச்சர்ஸ்" என்று 'வாட்' கட்டத்துக்குப் பின்னால் பன்மைப் பெயர் வந்தால் 'ஆர்', 'இஸ்' இரண்டையும் நல்ல ஆங்கிலத்தில் பார்க்கலாம். தேர்வில் இதைக் கேட்டால் மற்ற விடைகள் உறுதியாகத் தப்பா என்று பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி: கேள்வியாக மாற்றினால் உடைகிறது

"தட் ஹி ரிசைண்ட் இஸ் ட்ரூ" சரி. ஆனால் "இஸ் தட் ஹி ரிசைண்ட் ட்ரூ?" என்று கேட்க முடியாது. 'தட்' கட்டம், முன்னால் ஒரு துணைவினை வந்து நிற்பதைத் தாங்காது. "டிட் தட் ஹி ஃபெயில்ட் சர்ப்ரைஸ் யூ?" என்பதும் அதே போல உடையும். கட்டத்தைப் பின்னால் தள்ளி, காலியான இடத்தில் 'இட்'டை நிறுத்துங்கள்: "இஸ் இட் ட்ரூ தட் ஹி ரிசைண்ட்?", "டிட் இட் சர்ப்ரைஸ் யூ தட் ஹி ஃபெயில்ட்?" 'வாட்' கட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. "இஸ் வாட் ஹி செட் ட்ரூ?" நன்றாக நிற்கும்.

'தட்' கட்டத்துக்குப் பிறகு 'சீம்ஸ்', 'அப்பியர்ஸ்' மட்டும் தனியாக வந்து வாக்கியம் முடிந்தால், கேள்வியாக இல்லாவிட்டாலும் தள்ளியே ஆக வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்பதை "தட் ஹி இஸ் இல் சீம்ஸ்" என்று சொல்ல வழியே இல்லை. "இட் சீம்ஸ் தட் ஹி இஸ் இல்."

அறிகுறி: 'வென்'னுக்குப் பிறகு 'வில்' போடலாமா என்று கை நடுங்குகிறது

'வென்', 'இஃப்' பின்னால் 'வில்' வரக்கூடாது என்று பள்ளியில் சொன்னது நேரத்தையும் நிபந்தனையையும் சொல்லும் வாக்கியங்களுக்கு: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." அவர் வரும்போது சொல்கிறேன். எழுவாயாக வரும் 'வென்' வேறு. அது 'எப்போது' என்ற கேள்வியின் குழந்தை. "வென் ஹி வில் கம் இஸ் நாட் நோன்." இங்கே 'வில்' தாராளமாக வரும். தமிழில் 'வரும்போது' என்று வந்தால் 'வில்' வேண்டாம், 'எப்போது வருவார் என்பது' என்று வந்தால் 'வில்' போடுங்கள்.

அறிகுறி: 'ஹூ' போட்டால் ஏதோ குறைகிறது

முதலில் வருபவருக்கு டிக்கெட் கிடைக்கும் என்பதை "ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் த டிக்கெட்" என்று எழுதுகிறார்கள். 'யார் வருவார் என்பது' என்ற கேள்விப் பொருளுக்குத்தான் 'ஹூ'. வருபவர் யாராக இருந்தாலும் என்ற பொருளுக்கு 'ஹூஎவர்': "ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் த டிக்கெட்." மரியாதையாக இருக்கட்டும் என்று இங்கே 'ஹூம்எவர்' போடாதீர்கள், 'கம்ஸ்' என்ற வினைக்கு எழுவாயே இந்த 'ஹூஎவர்'தான்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் படிக்க மூச்சு முட்டுகிறது

இலக்கணப் புத்தகம் இதைத் தவறு என்று சொல்லாது, எனக்கு இது தவறுதான். அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்ப்பது: "தட் த பேமென்ட் விச் வி சென்ட் டு யுவர் அக்கவுண்ட் ஆன் மண்டே மார்னிங் ஹாஸ் நாட் ரீச்ட் யூ இஸ் சர்ப்ரைசிங்."

தமிழில் "திங்கட்கிழமை காலை நாங்கள் உங்கள் கணக்குக்கு அனுப்பிய பணம் இன்னும் வராதது ஆச்சரியமாக இருக்கிறது" என்றால் யாருக்கும் மூச்சு முட்டாது. முற்றுவினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழ் படிக்கிறவருக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலம் படிக்கிறவர் எழுவாயையும் வினையையும் சீக்கிரம் பார்த்துவிட விரும்புகிறார், பாரம் பின்னால் வரட்டும் என்கிறார். ஆகவே: "இட் இஸ் சர்ப்ரைசிங் தட் த பேமென்ட் வி சென்ட் ஆன் மண்டே ஹாஸ் நாட் ரீச்ட் யூ." முன்னால் நிற்கும் இந்த 'இட்'டுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, பின்னால் வரப்போகும் எழுவாய்க்காக இடம் பிடித்து வைக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ள வேண்டாம். முந்தைய வாக்கியத்தில் பேசிய விஷயமே அடுத்ததில் எழுவாயானால் அது முன்னால் நிற்பதுதான் அழகு. "ஹி ரிசைண்ட் இன் ஜூன். வை ஹி ரிசைண்ட் இஸ் நாட் கிளியர்." ராஜினாமா பற்றிப் படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பாரம் தெரியாது. 'த ஃபேக்ட் தட்' என்று முன்னால் சேர்த்துத் தூக்கி நிறுத்துவதும் ஒரு வழி. அது நடந்து முடிந்த, எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு மட்டும் பொருந்தும். நடக்குமா நடக்காதா என்று தெரியாததற்கு 'ஃபேக்ட்' போடுவது சொல்லுக்கே துரோகம்.

ஒரு மாணவர் தன் அலுவலகத்துக்கு எழுதிக் கொண்டுவந்த நான்கு வரியை அவருடைய அனுமதியோடு தருகிறேன். மேலே சொன்னவற்றில் பாதி இதில் இருக்கிறது. என் திருத்தத்தைப் படிக்கும் முன் நீங்களே கட்டம் போட்டுப் பாருங்கள்.

"வென் டஸ் த ஆபீஸ் ஓபன் இஸ் நாட் நோன். இஃப் த மேனேஜர் வில் கம் இஸ் ஆல்சோ நாட் நோன். வாட் ஹி டோல்ட் மி ஆன் த ஃபோன், இட் வாஸ் நாட் கிளியர். வி லாஸ்ட் டூ டேஸ் ஆர் அ பிக் பிராப்ளம் ஃபார் அஸ்."

முதல் வரியில் 'டஸ்' போய், 'ஓபன்ஸ்' ஆக வேண்டும். இரண்டாவதில் 'இஃப்' போய் 'வெதர்'. மூன்றாவதில் காற்புள்ளியும் 'இட்'டும் வேண்டாம். நான்காவதில் 'தட்' விட்டுப்போயிற்று, 'டேஸ்' என்ற பன்மையைக் கேட்டு 'ஆர்' வந்துவிட்டது.

"வென் த ஆபீஸ் ஓபன்ஸ் இஸ் நாட் நோன். வெதர் த மேனேஜர் வில் கம் இஸ் ஆல்சோ நாட் நோன். வாட் ஹி டோல்ட் மி ஆன் த ஃபோன் வாஸ் நாட் கிளியர். தட் வி லாஸ்ட் டூ டேஸ் இஸ் அ பிக் பிராப்ளம் ஃபார் அஸ்."

தேர்வு விடைத்தாள் என்றால் இதோடு விட்டுவிடுவேன். கடிதம் என்பதால் இன்னொரு கை வைத்தோம். முதல் இரண்டு வரியையும் சேர்த்து "வி டோன்ட் நோ வென் த ஆபீஸ் ஓபன்ஸ் ஆர் வெதர் த மேனேஜர் வில் கம்" என்றாக்கினோம். யாருக்குத் தெரியவில்லை என்பதும் அதில் வந்துவிடுகிறது. கடைசி வரியின் பாரத்தைப் பின்னால் தள்ளி "இட் இஸ் அ பிக் பிராப்ளம் ஃபார் அஸ் தட் வி லாஸ்ட் டூ டேஸ்" என்று வைத்தோம். மூன்றாவது வரியைத் தொடவில்லை. அந்தக் கடிதத்தில் அவர் உண்மையில் சொல்ல வந்ததே 'வாட் ஹி டோல்ட் மி ஆன் த ஃபோன்' பற்றித்தான், ஆகவே அது முன்னால் நிற்பதே சரி.